உறுமிக்கும் தாலாட்டுக்கும் ஒரே பலகை
(சிறிய ஒலிப்பதிவுக்கூடத்திற்கு அனலாக் ஒலிக்கலவைப் பலகையைத் தேர்ந்தெடுக்கும் முறை)

முன்னுரை

ஈப்போ புந்தோங் பக்கம் போய் 'மிக்சர்' எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கச்சாங் பூத்தே கடையைத்தான் கைகாட்டுவார்கள். இக்கட்டுரை அந்த மிக்சரைப் பற்றியது அன்று. ஒலிப்பதிவுக்கூடத்தில் பல ஒலிவாங்கிகளிலிருந்து வரும் ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் ஒலிக்கலவைப் பலகையையும் நம்மவர்கள் மிக்சர் என்றே அழைக்கிறார்கள். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கே பாடம்.

தமிழ் மாணவர்களுக்கு இது எதற்கு என்ற கேள்வி எழலாம். காரணம் இருக்கிறது. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளோடு பேராக் மாநிலத்தின் ரப்பர் வரலாறு தொடங்கியது. அந்தத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள் தாலாட்டும் ஒப்பாரியும் வேலைப் பாட்டும் பாடினார்கள். பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல இடங்களில் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. சில இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களில் வாழ்ந்தவர்கள் சுங்கை சிப்புட், ஈப்போ போன்ற நகரங்களுக்கு வந்துவிட்டார்கள். பாட்டு மட்டும் அவர்களில் மூத்தவர்களின் நினைவில் தங்கியிருக்கிறது. பாடல் வரிகளை அச்சில் ஏற்றிக் காக்கலாம். மெட்டையும் மூச்சையும் குரலின் நெளிவையும் ஒலிப்பதிவு ஒன்றுதான் காக்கும்.

ஆகவே ஓர் இளைஞர் மன்றமோ கோயில் நிர்வாகமோ பழைய மாணவர் குழுவோ ஒன்று சேர்ந்து, ஒரு கடைவீட்டு மாடியில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் தொடங்க எண்ணினால், கைப்பணத்தில் பெரும்பகுதி எந்தப் பலகைக்குப் போகிறது என்பது சிறிய விஷயமன்று. தவறான பலகையை வாங்கினால் பணம் போகும். அதைவிட, மறுபடி கிடைக்காத ஒரு குரல் இரைச்சலோடு பதிவாகிவிடும்.

ஒலிக்கலவைப் பலகை என்ன செய்கிறது?

ஒலிவாங்கி ஒலியை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தம் மிகச் சிறியது. பெரும்பாலும் சில மில்லிவோல்ட் அளவே இருக்கும். பதிவுக் கருவிக்கோ ஏறத்தாழ 1.23 வோல்ட் தேவை. தொழில்முறைக் கூடங்களில் இதனை +4 டிபியூ என்பார்கள். இடையிலுள்ள வேறுபாட்டை நிரப்புவது பலகையின் முதல் உறுப்பான முன்பெருக்கி. அதன்பின் தாழ்சுருதி, உயர்சுருதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர், பாடுபவரின் காதணிக்கு ஒலி அனுப்பும் துணைவழிகள், ஒலியின் அளவை ஏற்றி இறக்கும் ஃபேடர், எல்லா ஒலிகளும் ஒன்றுசேரும் கூட்டுவழி என்று வரிசையாக அமையும்.

அனலாக் பலகை இவை அனைத்தையும் மின்னழுத்தமாகவே கையாளுகிறது. டிஜிட்டல் பலகை ஒலியை எண்களாக மாற்றிக் கணக்கிடுகிறது. இரண்டும் பயனுள்ளவையே. அனலாக் பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு கண்முன் இருப்பதால் கற்பவருக்கு ஒலி செல்லும் பாதை எளிதில் விளங்கும். மென்பொருள் பழசாகிப் போவதால் அது நின்றுவிடுவதும் இல்லை.

பெரிய கூடங்கள் தரும் பாடம்

உலகப் புகழ்பெற்ற மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது லண்டன் ஏபி ரோட் கூடம். அங்கே பீட்டில்ஸ் குழு 1960களில் பெரும்பாலும் வால்வுகளால் இயங்கிய ரெட் வரிசைப் பலகைகளில் பதிவுசெய்தது. 1968இல் இஎம்ஐ நிறுவனம் தானே வடிவமைத்த டிரான்சிஸ்டர் பலகையான டிஜி12345 அங்கு வந்தது. அதில் ஒலிவாங்கி உள்வழிகள் 24, வெளிவழிகள் 8. 1969இல் வந்த 'ஏபி ரோட்' இசைத்தொகுப்பு அதில் பதிவானது. முந்தைய தொகுப்புகளைவிட அதன் ஒலி மென்மையானது என்று பலரும் கருதுகிறார்கள். பலகைக்கும் ஒரு குரல் உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது.

இரண்டாவது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த சவுண்ட் சிட்டி. 1973இல் அது ரூபர்ட் நீவ் நிறுவிய நிறுவனத்தின் 8028 வகைப் பலகையை வாங்கியது. 1991இல் நிர்வானா குழுவின் 'நெவர்மைண்ட்' அதில் பதிவானது. 2011இல் கூடம் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலகியபோது, அதே குழுவில் முரசு வாசித்த டேவ் குரோல் அப்பலகையை வாங்கித் தம் கூடத்தில் பொருத்தினார். 2013இல் அதைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு பலகை உழைத்ததற்கு அதன் ஒலி மட்டும் காரணமன்று. ஒவ்வொரு பகுதியையும் தனியே கழற்றிப் பழுதுபார்க்க முடிந்ததும் காரணம்.

மூன்றாவது நமக்கு நெருக்கமான சென்னை. அங்கே பல பத்தாண்டுகள் திரைப்பாடல் என்றால் பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒரே வேளையில் பாடி வாசிக்க, ஒலிப்பதிவாளர் அந்த நேரத்திலேயே சமன்செய்து பதிவது வழக்கம். ஒருவர் பிசகினால் எல்லாரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னர் பல தடங்களில் தனித்தனியே பதிந்து சேர்க்கும் முறை பரவியது. 1992இல் வெளிவந்த 'ரோஜா' படப் பாடல்கள் ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு சேர்த்து அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தில் உருவாயின. ஒரு வீட்டுக் கூடமும் இந்தியா முழுவதும் கேட்கும் இசையைத் தரலாம் என்பதற்கு அதுவே சான்று.

ஆக, ஒரே வேளையில் பதிவது ஒரு முறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது இன்னொரு முறை. நம் கூடத்திற்கு எது தேவை என்று முடிவு செய்யாமல் பலகை வாங்கக் கூடாது.

முதலில் நம் ஒலியை அளப்போம்

பேராக்கில் நாம் பதியப்போகும் ஒலிகளில் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, தைப்பூசத்தின்போது ஈப்போ கல்லுமலைக் கோயில் வளாகத்தில் முழங்கும் உறுமி மேளம். மற்றொன்று, ஒரு பாட்டி மெல்லிய குரலில் பாடும் தாலாட்டு. இவ்விரண்டையும் தாங்கும் பலகை வேறு எதையும் தாங்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒலிவாங்கியின் முன் தாலாட்டின் அளவு 74 டெசிபெல் என்று கொள்வோம். மேடைகளில் பயன்படும் டைனமிக் வகை ஒலிவாங்கி 94 டெசிபெல் ஒலிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் தரும். தாலாட்டு அதைவிட 20 டெசிபெல் குறைவு. ஆகவே மின்னழுத்தம் பத்தில் ஒன்றாகி 0.2 மில்லிவோல்ட் ஆகும். இதனை 1.23 வோல்ட்டுக்கு உயர்த்த ஆறாயிரம் மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். அது ஏறத்தாழ 76 டெசிபெல். சிறிய பலகைகள் பலவற்றின் முன்பெருக்கி 60 டெசிபெல் அளவோடு நின்றுவிடும். திருகை முழுவதும் திருப்பினாலும் குரல் எழும்பாது, இரைச்சல்தான் எழும்பும்.

கண்டென்சர் வகை ஒலிவாங்கியைப் பயன்படுத்தினால் நிலைமை மாறும். அது 94 டெசிபெல்லுக்கு 20 மில்லிவோல்ட் தருவதாகக் கொண்டால் தாலாட்டுக்கு 2 மில்லிவோல்ட் கிடைக்கும். தேவையான பெருக்கம் 56 டெசிபெல்லாகக் குறையும். ஆனால் இவ்வகை ஒலிவாங்கிக்குப் பலகையிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் செல்ல வேண்டும்.

இனி உறுமி. அருகில் வைத்த ஒலிவாங்கியின் முன் 120 டெசிபெல் என்று கொள்வோம். அதே கண்டென்சர் ஒலிவாங்கி 0.4 வோல்ட் தரும். இதற்கு 10 டெசிபெல் பெருக்கமே போதும். முன்பெருக்கியின் மிகக் குறைந்த பெருக்கமே அதைவிட மிக அதிகமாக இருந்தால் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கலாம். அதற்காகவே உள்வரும் ஒலியை 20 டெசிபெல் தணிக்கும் பொத்தான் சில பலகைகளில் இருக்கிறது. பலகையில் இல்லையென்றால், ஒலிவாங்கியில் அப்பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எனவே விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டியது முன்பெருக்கியின் பெருக்க எல்லை. அடுத்தது அதன் உள்ளிரைச்சல். 150 ஓம் மூலத்திற்கு இயற்பியல் அனுமதிக்கும் எல்லை ஏறத்தாழ −131 டிபியூ. −128 என்று அளவிடப்பட்ட பலகை நல்லது. −120 என்றால், டைனமிக் ஒலிவாங்கியில் பதிந்த அதே தாலாட்டில் இரைச்சல் 8 டெசிபெல் கூடுதலாகக் கேட்கும். இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அறையில் குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தால் எந்தப் பலகையும் காப்பாற்றாது.

எத்தனை சேனல் வேண்டும்?

உறுமிக்கு இரண்டு முகங்கள். ஒரு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்த்து உறுமலை எழுப்புகிறார்கள்; மறுமுகத்தை அடிக்கிறார்கள். இரண்டையும் தெளிவாகப் பதிய இரண்டு ஒலிவாங்கிகள் வேண்டும். இனி, நான்கு உறுமிகள் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். முதன்மை உறுமிக்கு 2, மற்ற மூன்றுக்கும் 3, தவிலின் இரு பக்கங்களுக்கு 2, ஜால்ராவுக்கு 1, பாடகருக்கு 1, பின்பாட்டுக்கு 1, அறையின் மொத்த ஒலிக்கு 2. ஆக 12 ஒலிவாங்கிகள்.

இவர்களைத் தனித்தனியே வரவழைத்து அடுக்கிப் பதிய முடியாதா? முடியும், ஆனால் மேளம் உயிரிழந்துவிடும். ஒருவர் கையை ஒருவர் பார்த்து வேகம் கூட்டும் இசை அது. எனவே ஒரே வேளையில் 12 வழிகள் தேவை.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பலகையின் பெயரிலுள்ள எண் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை அன்று. எடுத்துக்காட்டாக, யமஹா எம்ஜி16 வரிசைப் பலகைகளில் ஒலிவாங்கி உள்வழிகள் 10 மட்டுமே. மீதி, கீபோர்டு போன்றவற்றுக்கான ஸ்டீரியோ வழிகள். பலகையில் எக்ஸ்எல்ஆர் துளைகளை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பதே பாதுகாப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு பாட்டியின் குரலை மட்டுமே பதிய விரும்புவோருக்குப் பலகையே தேவையில்லை. இரண்டு உள்வழிகள் கொண்ட நல்ல இடைமுகக் கருவியும் ஒரு நல்ல ஒலிவாங்கியும் போதும். மிஞ்சும் பணத்தை அறையின் ஒலியைச் சீர்செய்யச் செலவிடலாம்.

பார்க்க வேண்டிய மற்ற உறுப்புகள்

தாழ்சுருதி வடிகட்டி: 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்கும் பொத்தான். சாலையில் போகும் லாரியின் அதிர்வு குரலோடு சேராமலிருக்க இது உதவும்.

முனை மாற்றும் பொத்தான்: உறுமியின் இரு பக்கங்களிலும் ஒலிவாங்கி வைக்கும்போது ஒன்று தள்ளும் வேளையில் மற்றொன்று இழுக்கலாம். இரண்டையும் சேர்த்தால் கனமான ஒலி மெலிந்துவிடும். அப்போது ஒன்றின் முனையை மாற்ற வேண்டும். விலை குறைந்த பலகைகளில் இப்பொத்தான் அரிது. தனித்தனித் தடங்களில் பதிந்தால் பிறகு கணினியில் மாற்றிக்கொள்ளலாம்.

துணைவழிகள்: பாடகருக்கு ஒன்று, மேளக்காரருக்கு ஒன்று எனக் காதணி ஒலியைத் தனித்தனியே அமைக்கக் குறைந்தது இரண்டு துணைவழிகள் வேண்டும். அவை ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுப்பவையாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒலிப்பதிவாளர் ஃபேடரைத் தொட்டவுடன் பாடுபவரின் காதிலும் ஒலி மாறும். இவ்விடத்தில்தான் அனலாக் பலகையின் பெரிய நன்மை தெரிகிறது. கணினி வழியாகச் சுற்றிவரும் ஒலி 10 மில்லிநொடி தாமதித்தால், பாடுபவர் தம் குரலை ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். அனலாக் பலகை வழியாக நேரே கேட்பவருக்கு அந்தத் தாமதம் இல்லை.

நேர் வெளிவழி: ஒவ்வொரு சேனலிலிருந்தும் ஒலியைத் தனியே பதிவுக் கருவிக்கு அனுப்பும் துளை. பலதடப் பதிவுக்கு இது மிக முக்கியம்.

கணினியோடு இணைப்பு

'யூஎஸ்பி மிக்சர்' என்று எழுதியிருந்தால் 12 சேனலும் கணினிக்குத் தனித்தனியே போகும் என்று எண்ணிவிடக் கூடாது. விலை மலிவான பலகைகளில் பெரும்பாலானவை கலந்து முடித்த இரண்டு தடங்களை மட்டுமே அனுப்பும். உறுமி அதிகமாகக் கேட்கிறது என்று மறுநாள் தெரிந்தாலும் திருத்த வழியிருக்காது. ஒவ்வொரு சேனலையும் தனியே அனுப்பும் வகைகளும் உள்ளன. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் எம்டிகே வரிசை, 2018இல் அறிமுகமான டாஸ்காம் மாடல் 24 ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். டாஸ்காம் மாடல் 24 கணினியே இல்லாமல் நினைவட்டையிலும் பல தடங்களைப் பதியும்.

இணைப்பு முறைகள் விரைவில் பழசாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2000களில் ஃபயர்வயர் இணைப்போடு நல்ல பலகைகள் வந்தன. இன்றைய கணினிகளில் அத்துளையே இல்லை. ஆனால் அப்பலகைகளில் நேர் வெளிவழிகள் இருந்தால் அவற்றை வேறோர் இடைமுகத்தோடு இணைத்து இன்றும் பயன்படுத்தலாம். ஆகவே டிஜிட்டல் பகுதி செத்தாலும் அனலாக் பகுதி வாழுமா என்று கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

பழைய பலகையா? புதிய பலகையா?

பழைய பெரிய பலகை குறைந்த விலைக்கு வரும்போது ஆசை வருவது இயல்பு. ஆனால் விலை என்பது செலவின் தொடக்கம்தான். பெரிய கூடங்களுக்காகச் செய்யப்பட்டவை கிலோவாட் கணக்கில் மின்சாரம் இழுக்கும், வெப்பத்தைக் கக்கும், அவ்வெப்பத்தை நீக்க மேலும் குளிர்சாதனம் வேண்டும். உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்துபோகும். சுற்றுவெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் வழங்கும் விதி.

எனவே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மின்சுற்று வரைபடம் கிடைக்கிறதா? உதிரிப் பாகம் கிடைக்கிறதா? ஈப்போவிலேயே இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா? மூன்றுக்கும் இல்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். புதிய சிறு பலகைகளிலும் ஒரு குறை உண்டு. எல்லாச் சேனல்களும் ஒரே பெரிய அட்டையில் அமைந்திருந்தால் ஒரு சேனல் பழுதானாலும் முழுவதையும் கழற்ற வேண்டும். சேனலுக்கு ஓர் அட்டை என்று அமைந்தவை பழுதுபார்க்க எளிது.

இன்னோர் எச்சரிக்கை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகள் 100 வோல்ட்டுக்கு ஆனவையாக இருக்கலாம். பின்புற எழுத்தைப் படிக்காமல் செருகினால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

வெயிலும் ஈரமும் இடியும்

நூல்களில் உள்ள அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் ஈரப்பதம் மிகுதி. தைப்பிங் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஃபேடர்களிலும் பொத்தான்களிலும் பூசணமும் துருவும் ஏறும். குளிரூட்டிய அறையைத் திடீரென்று திறந்துவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பாகங்களில் நீராகப் படியும். பலகையைத் துணியால் மூடிவைப்பதும், ஈரமுறிஞ்சி வைப்பதும், வாரம் ஒருமுறையாவது இயக்குவதும் நன்று. பல்லியும் எறும்பும் குடியேறாமல் பின்புறத் துளைகளை வலையால் மறைக்கலாம்.

பிற்பகலில் இடி முழங்கினால் பொத்தானை அணைப்பது போதாது. பிளக்கையே உருவ வேண்டும். உம்மென்ற 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்புக் கேட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே மின்வழியிலிருந்து இயக்கிப் பார்க்க வேண்டும். முணுமுணுப்பை நிறுத்துவதற்காக மூன்றாவது முனையான புவிக்கம்பியைத் துண்டிப்பது உயிருக்கே ஆபத்து.

வாங்கும்முன் செய்யும் சோதனை

1. ஒலிவாங்கி எதையும் இணைக்காமல் ஒவ்வொரு சேனலின் பெருக்கத்தையும் முழுதாக உயர்த்திக் காதணியில் கேளுங்கள். சீரான 'உஸ்' ஒலி இயல்பு; வெடிப்பொலியும் முணுமுணுப்பும் நோய்.
2. எல்லாத் திருகுகளையும் ஃபேடர்களையும் மெல்ல நகர்த்துங்கள். எங்கே கரகரக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
3. எக்ஸ்எல்ஆர் துளையில் 1ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும் இடையே, பிறகு 1க்கும் 3க்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 44 முதல் 52 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.
4. 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரே அளவில் ஒவ்வொரு சேனலுக்கும் கொடுத்து அளவுமானியை ஒப்பிடுங்கள்.
5. ஒரு மணி நேரம் இயங்கவிட்டு மீண்டும் முதல் சோதனையைச் செய்யுங்கள். சில நோய்கள் சூடேறிய பிறகே வெளிப்படும்.
6. இறுதியாக, ஒருவரை மெல்லப் பாடச் சொல்லியும் ஒருவரை உறுமி வாசிக்கச் சொல்லியும் பதிந்து கேளுங்கள். எண்கள் சொல்லாததைக் காது சொல்லும்.

முடிவுரை

பலகையின் பெயரோ நீளமோ பளபளப்போ நம் தேர்வை முடிவு செய்யக் கூடாது. யாருடைய ஒலியைப் பதியப்போகிறோம், அதை எத்தனை வழிகளில் எடுக்கப்போகிறோம், பழுதானால் யார் பார்ப்பார் என்ற மூன்றுக்கும் விடை எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் விற்பவர் நம்மைக் குழப்ப முடியாது. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பலகைக்குச் செலவிடாமல், மீதியை ஒலிவாங்கிக்கும் அறைக்கும் நல்ல கம்பிகளுக்கும் வைப்பது நலம்.

மேளக்குழுவை அடுத்த ஆண்டும் அழைக்கலாம். தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டியின் குரலுக்கு அந்த உறுதியில்லை. நல்ல பலகை வாங்கும்வரை காத்திருக்கலாம் என்று எண்ணாமல், இருக்கும் கருவியைக் கொண்டு அவர் குரலை இன்றே பதியுங்கள். பலகை வந்த பிறகு, அவர் இன்னும் பாடும் நிலையில் இருந்தால், மீண்டும் பதியுங்கள். இந்த வரிசை மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது தமிழ் படிக்கும் நம் பொறுப்பு.